'ஹூ'வா, 'ஹூம்'மா, 'தட்'டா? ஆங்கிலத்தில் ஆட்களைச் சுட்டும்போது எதை எழுதுவது

கேள்வி இதுதான்: ஆங்கிலத்தில் ஒரு மனிதரைப் பற்றிய கூடுதல் செய்தியை வாக்கியத்தில் இணைக்க 'ஹூ', 'ஹூம்', 'ஹூஸ்', 'தட்' என்று நான்கு ரிலேட்டிவ் புரோனவுன்கள் இருக்கின்றன. 'ஹூம்' வழக்கொழிந்துவிட்டது என்கிறார் ஒருவர். மனிதர்களுக்குத் 'தட்' போடுவது மரியாதைக் குறைவு என்கிறார் இன்னொருவர். எதை எங்கே போடுவது?

சுருக்கமான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மனிதர் செயலைச் செய்பவர் என்றால் 'ஹூ'. அவர் செயலுக்கு உள்ளாகிறவர் என்றால் 'ஹூம்'. அந்த இடத்தில் பேச்சில் 'ஹூ'வும் வரும். 'டு', 'ஃப்ரம்' போன்ற ப்ரெபோசிஷனை ஒட்டி அடுத்த சொல்லாக நின்றால் 'ஹூம்' மட்டுமே வரும். உடைமை என்றால் 'ஹூஸ்'. கமா போடாத இடத்தில் ஆட்களுக்குத் 'தட்' தாராளமாக வரலாம். கமா போட்ட இடத்தில் வரவே கூடாது. 'விச்' இன்றைய ஆங்கிலத்தில், ஒன்றிரண்டு விலக்குகள் தவிர, ஆட்களுக்கு இல்லை.

அவசரமாகப் பதில் வேண்டியவர்களுக்கு இது போதும். ஆனால் இந்த விதிகளைத் தலைகீழாக ஒப்பிக்கிறவர்களும் எழுதும்போது தடுமாறுகிறார்கள். நம் தாய்மொழி இதே வேலையை முற்றிலும் வேறு வழியில் செய்கிறது என்பதே அதற்குக் காரணம். அதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

தமிழில் இந்த வேலையைச் செய்வது பெயரெச்சம். 'என்னைப் பார்த்த மனிதர்', 'நான் பார்த்த மனிதர்', 'நான் பணம் கொடுத்த மனிதர்', 'நான் கடன் வாங்கிய மனிதர்', 'மகன் டாக்டராக இருக்கும் மனிதர்' என்ற ஐந்து தொடர்களையும் பாருங்கள். முதலாவதில் அவர் பார்த்தவர். இரண்டாவதில் பார்க்கப்பட்டவர். மூன்றாவதில் பணம் அவருக்குப் போயிற்று, நான்காவதில் அவரிடமிருந்து வந்தது. ஐந்தாவதில் மகன் அவருடைய மகன். இத்தனை வெவ்வேறு உறவுகள் இருந்தும் 'மனிதர்' என்ற சொல் ஓர் எழுத்துகூட மாறவில்லை. 'அவரை', 'அவருக்கு', 'அவரிடமிருந்து', 'அவருடைய' என்ற உருபுகள் எல்லாம் பெயரெச்சத்துக்குள் கரைந்துவிட்டன. கேட்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார் என்று தமிழ் நம்பி விட்டுவிடுகிறது.

ஆங்கிலம் அப்படி விடுவதில்லை. கரைந்துபோன அந்த உருபை வெளியே எடுத்துக் காட்டச் சொல்கிறது. 'தி மேன் ஹூ சா மீ', 'தி மேன் ஹூம் ஐ சா', 'தி மேன் டு ஹூம் ஐ கேவ் மணி', 'தி மேன் ஃப்ரம் ஹூம் ஐ பாரோட் மணி', 'தி மேன் ஹூஸ் சன் இஸ் எ டாக்டர்'. நாம் செய்யும் தவறுகள் எல்லாம் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. 'நான் கடன் வாங்கிய மனிதர்' என்று மனம் தமிழில் நினைக்கும். கை 'தி மேன் ஹூ ஐ பாரோட் மணி' என்று எழுதும். 'ஃப்ரம்' காணாமல் போயிருக்கும். 'மகன் டாக்டராக இருக்கும் மனிதர்' என்பது 'தி மேன் ஹூ ஹிஸ் சன் இஸ் எ டாக்டர்' என்று வந்துவிழும். 'ஹூ', 'ஹிஸ்' இரண்டும் சேர்ந்து செய்யவேண்டிய வேலையை 'ஹூஸ்' தனியாகவே செய்துவிடும் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

ஆகவே நான் எல்லோருக்கும் சொல்லும் சோதனை ஒன்றுதான். நீண்ட வாக்கியத்துக்குள் இருக்கும் சிறிய வாக்கியத்தைத் தனியே பிரித்தெடுங்கள். அதில் அந்த மனிதர் இருக்கவேண்டிய இடத்தில் 'ஹி', 'ஹிம்', 'ஹிஸ்' என்ற மூன்றில் எது பொருந்துகிறது என்று பாருங்கள். 'ஹி' என்றால் 'ஹூ'; 'ஹிம்' என்றால் 'ஹூம்'; 'ஹிஸ்' என்றால் 'ஹூஸ்'. 'ஹிம்', 'ஹூம்' இரண்டும் 'ம்' என்று முடிவது தற்செயல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் நம் நான்காம் வேற்றுமையைப் போன்ற ஒரு வேற்றுமையின் ஈறு அது; இரண்டு சொற்களும் அங்கிருந்துதான் வந்திருக்கின்றன. பேசப்படுவது பெண்ணாக இருந்தாலும் சோதனைக்கு 'ஹி'யையே வைத்துக்கொள்ளுங்கள். 'ஹெர்' என்பது 'அவளை' என்பதற்கும் 'அவளுடைய' என்பதற்கும் பொதுவாக இருப்பதால் குழப்பிவிடும்.

ஓர் உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். 'நேற்று நாங்கள் பேட்டி கண்ட விஞ்ஞானி விருது பெற்றிருக்கிறார்.' இதை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். விருது பெற்றவர் விஞ்ஞானி, அதாவது எழுவாய் அவர்தான் என்று பார்த்தவுடன் பலர் 'ஹூ' போட்டுவிடுவார்கள். அவர் எழுவாயாக இருப்பது பெரிய வாக்கியத்துக்கு. நமக்கு வேண்டியது உள்ளே இருக்கும் சிறிய வாக்கியம்: 'வி இன்டர்வியூட் ஹிம் யெஸ்டர்டே'. அங்கே 'ஹிம்' வருகிறது. ஆகவே 'தி சயின்டிஸ்ட் ஹூம் வி இன்டர்வியூட் யெஸ்டர்டே ஹாஸ் வன் எ ப்ரைஸ்'. 'ஹூம்' முன்னால் வந்துவிட்டதால் பழைய இடத்தில் இருந்த 'ஹிம்' போய்விடவேண்டும். 'ஹூம் வி இன்டர்வியூட் ஹிம்' என்று இரண்டையும் வைத்துக்கொள்வது பெரிய தவறு.

'ஹி, ஹிம் என்று ஆங்கிலத்துக்குப் போவானேன்? அவர், அவரை, அவருக்கு என்று தமிழ் உருபையே பார்த்துவிடலாமே' என்று தோன்றும். பெரும்பாலும் சரியாகவும் வரும். ஆனால் ஓரிடத்தில் காலை வாரிவிடும். 'விடை தெரிந்த மாணவர்' என்பதைப் பிரித்தால் 'அவருக்கு விடை தெரியும்' என்று வருகிறது. 'அவருக்கு' என்று இருக்கிறதே என்று 'ஹூம்' போட்டால் தவறு. ஆங்கிலத்தில் 'ஹி நோஸ் தி ஆன்சர்' என்பதால் 'தி ஸ்டூடென்ட் ஹூ நோஸ் தி ஆன்சர்' என்பதே சரி. 'இசை பிடிக்கும் பெண்', 'பணம் தேவைப்படும் ஒருவர்', 'பசிக்கும் குழந்தை' எல்லாமே இந்த வகைதான். தெரிதல், பிடித்தல், தேவைப்படுதல், பசித்தல் போன்றவை தமிழில் ஒருவருக்கு நேர்பவை. ஆங்கிலத்தில் அவரே எழுவாயாகிவிடுகிறார். அதனால் சோதனையை ஆங்கிலத்தில் செய்வதே நல்லது.

வினைச்சொல்லோடு எந்த ப்ரெபோசிஷன் வரும் என்பதிலும் தமிழ் உருபு வழிகாட்டாது. 'நான் அவருக்கு உதவினேன்' என்பதில் 'க்கு' இருக்கிறது; ஆங்கிலத்தில் 'ஐ ஹெல்ப்ட் ஹிம்', இடையில் எதுவும் இல்லை. ஆகவே 'தி மேன் ஹூம் ஐ ஹெல்ப்ட்'. 'நான் அவரிடம் கேட்டேன்' என்பதில் 'இடம்' இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஐ ஆஸ்க்ட் ஹிம்'. 'தி பெர்சன் டு ஹூம் ஐ ஆஸ்க்ட்' என்று மிகுந்த மரியாதையோடு எழுதப்படும் கடிதங்கள் ஏராளம். அங்கே 'டு'வுக்கு வேலையே இல்லை. இதற்கு நேர்மாறாக, 'அவரைப் பார்த்துச் சிரித்தேன்' என்பதற்கு 'லாஃப்ட் அட் ஹிம்', 'அவருக்காகக் காத்திருந்தேன்' என்பதற்கு 'வெயிட்டட் ஃபார் ஹிம்', 'அவரை நம்பியிருக்கிறேன்' என்பதற்கு 'டிபெண்ட் ஆன் ஹிம்'. இவற்றில் ப்ரெபோசிஷனைத் தவறவிடக் கூடாது. 'தி ஃப்ரெண்ட் ஹூம் ஐ வெயிட்டட்' என்றால் ஆங்கிலக் காதுக்கு வாக்கியம் பாதியில் அறுந்ததுபோல் இருக்கும்.

இப்போது 'ஹூம்' உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். பேச்சில் அது மிகவும் மெலிந்துவிட்டது உண்மை. 'தி மேன் ஹூ ஐ மெட்' என்று படித்தவர்களே இயல்பாகச் சொல்கிறார்கள்; அதைத் தவறு என்று திருத்துவது வீண். ஆனால் இரண்டு இடங்களில் அது அசையாமல் நிற்கிறது. ஒன்று, ப்ரெபோசிஷனை முன்னால் கொண்டுவந்து வைக்கும்போது: 'டு ஹூம்', 'வித் ஹூம்', 'ஃபார் ஹூம்'. இங்கே 'டு ஹூ' என்று வராது. 'டு தட்' என்று சொல்லவே முடியாது. இன்னொன்று, ஒரு கூட்டத்தில் சிலரைப் பிரித்துச் சொல்லும்போது: 'ஷி டீச்சஸ் டுவென்டி ஸ்டூடென்ட்ஸ், மெனி ஆஃப் ஹூம் வர்க் அட் நைட்'. இந்த இடத்தில் 'மெனி ஆஃப் தெம்' என்று எழுதினால் இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டிய குற்றம் சேர்ந்துவிடும். 'சம் ஆஃப் ஹூம்', 'போத் ஆஃப் ஹூம்', 'நன் ஆஃப் ஹூம்' எல்லாம் இன்றைய செய்தித்தாள்களில் வெகு சாதாரணம்.

'ஹூம்' போடாமல் விடுவதைவிட, வேண்டாத இடத்தில் போடுவது எனக்கு அதிகக் கவலை தருகிறது. 'ஹூம்' என்றால் படித்த ஆங்கிலம் என்ற எண்ணத்தில் செய்யும் தவறு இது. 'தி பெர்சன் ஹூம் ஐ திங்க் இஸ் ரெஸ்பான்சிபிள்' என்று நல்ல எழுத்தாளர்களும் எழுதிவிடுகிறார்கள். 'ஐ திங்க்' என்பதற்கு முன்னால் இருப்பதால் செயப்படுபொருள் என்று மயங்குகிறார்கள். 'ஐ திங்க்' என்பது இடையில் செருகியது. அதைத் தூக்கிவிட்டுப் பாருங்கள்: 'ஹி இஸ் ரெஸ்பான்சிபிள்'. ஆகவே 'ஹூ ஐ திங்க் இஸ் ரெஸ்பான்சிபிள்' என்பதே சரி. இதற்குப் பக்கத்தில் 'தி பெர்சன் ஹூம் ஐ கன்சிடர் ரெஸ்பான்சிபிள்' என்பதை வைத்துப் பாருங்கள். பொருள் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் இங்கே உள் வாக்கியம் 'ஐ கன்சிடர் ஹிம் ரெஸ்பான்சிபிள்'. 'ஹிம்' வந்துவிட்டது, அதனால் 'ஹூம்' சரி. இந்த ஜோடி பிடிபட்டுவிட்டால் 'ஹூம்' உங்களை மீண்டும் ஏமாற்றாது.

'ஹூம்' விறைப்பாகத் தெரிகிறது, 'ஹூ' போட மனம் ஒப்பவில்லை என்றால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: இரண்டையும் விட்டுவிடுங்கள். 'தி மேன் ஐ மெட்', 'தி டாக்டர் வி ட்ரஸ்ட்', 'தி வுமன் ஐ ஸ்போக் டு'. இது கொச்சை அல்ல, நல்ல உரைநடையிலும் அன்றாடம் வருவது. ப்ரெபோசிஷன் கடைசியில் நிற்பதைக் கண்டு அஞ்சவேண்டாம். 1672-இல் ஜான் ட்ரைடன் என்ற கவிஞர், தமக்கு முந்திய பென் ஜான்சனின் வரி ஒன்று 'ஃப்ரம்' என்று முடிந்ததைக் குறை சொன்னார். பிறகு வந்த இலக்கண ஆசிரியர்கள் அதையே விதியாக வளர்த்தார்கள். ஆங்கிலம் அந்த விதிக்கு ஒருபோதும் கட்டுப்பட்டதில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: எழுவாயாக வரும் 'ஹூ'வை விடமுடியாது. 'தி மேன் மெட் மீ இஸ் ஹியர்' என்றால் வாக்கியமே உடைந்துவிடும்.

அடுத்தது 'தட்'. ஆட்களுக்குத் 'தட்' போடுவது தவறு என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதற்கு மொழி வரலாற்றில் இடமே இல்லை. ரிலேட்டிவ் புரோனவுன் என்ற வேலையில் 'தட்'தான் மூத்தது. 'ஹூ' நெடுங்காலம் வெறும் கேள்விச்சொல்லாக இருந்துவிட்டு, பிற்பாடே இந்த வேலைக்கு வந்தது. 1611-இல் வெளியான ஆங்கில பைபிளில் 'கேட்கக் காதுள்ளவன்' என்ற இடத்தில் 'ஹி தட்' என்றே இருக்கிறது. அதே பைபிளில் பரமண்டலங்களிலிருக்கிற பிதாவுக்கு 'விச்' வருகிறது. அன்றைக்கு 'விச்'சும் ஆளுக்கு ஆகும். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1711-இல், ரிச்சர்ட் ஸ்டீல் தாம் நடத்திவந்த ஸ்பெக்டேட்டர் பத்திரிகையில் 'ஹூ'வும் 'விச்'சும் சேர்ந்து கொடுப்பதுபோல் ஒரு மனுவை எழுதினார். தங்கள் இடத்தைத் 'தட்' பறித்துக்கொண்டது என்பது அதில் அவற்றின் முறையீடு. வரலாற்றைப் பார்த்தால் முறையிட்டிருக்கவேண்டியது 'தட்'.

ஆனாலும் இன்றைக்கு முறையான எழுத்தில் ஆட்களுக்கு 'ஹூ'வை முதலில் நினைப்பதே பாதுகாப்பானது. 'பீப்பிள் ஹூ', 'தோஸ் ஹூ', 'எனிஒன் ஹூ' என்பவை கிட்டத்தட்ட இணைபிரியாத சேர்க்கைகள் ஆகிவிட்டன. பெயர் தெரியாத ஒரு ஆசிரியரோ தேர்வாளரோ 'தட்'டைச் சிவப்பு மையால் சுழிக்கக்கூடும். 'ஹூ'வை யாரும் சுழிக்கமாட்டார்கள். 'தட்' உண்மையிலேயே மேலானதாக இருக்கும் இடங்களும் உண்டு. ஆட்களையும் பொருள்களையும் சேர்த்துச் சொல்லும்போது, 'தி மென் அண்ட் மெஷின்ஸ் தட் பில்ட் திஸ் பிரிட்ஜ்' என்பதில் 'ஹூ'வும் ஒட்டாது, 'விச்'சும் ஒட்டாது. 'தி பெஸ்ட் டீச்சர் தட் ஐ எவர் ஹேட்' போல, 'மிகச் சிறந்த', 'மிகப் பெரிய' என்று வரும் இடங்களிலும் 'தட்' இயல்பாக விழும். விட்டுவிட்டால் இன்னும் நன்று.

'தட்' விஷயத்தில் கட்டாயமான விதி கமாவைப் பற்றியது. இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பொருளே மாறிவிடுகிறது. 'தி ஸ்டூடென்ட்ஸ் ஹூ ஃபினிஷ்ட் ஏர்லி வென்ட் ஹோம்' என்றால், சீக்கிரம் முடித்த மாணவர்கள் மட்டும் வீட்டுக்குப் போனார்கள், மற்றவர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இதே வாக்கியத்தில் 'ஹூ'வுக்கு முன்பும் 'ஏர்லி'க்குப் பின்பும் கமா போட்டால், மாணவர்கள் எல்லோருமே சீக்கிரம் முடித்தார்கள், எல்லோருமே போய்விட்டார்கள். கமா இல்லாதது ஆட்களைப் பிரித்துக் காட்டுகிறது. கமா உள்ளது ஏற்கெனவே தெரிந்த ஆளைப் பற்றி உபரியாக ஒன்று சொல்கிறது. பிரித்துக் காட்டும் வேலைக்கு 'தட்' வரும், உபரிச் செய்திக்கு வராது. 'மை ஃபாதர், தட்' என்று தொடங்கினாலே தவறு. ஒருவருக்கு இருப்பது ஒரே தந்தை, பிரித்துக் காட்ட அங்கே எதுவும் இல்லை. ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும்போதும் பெரும்பாலும் இதே நிலைதான். 'ஹூம்' என்பதை விட்டுவிடும் சலுகையும் கமா இல்லாத இடத்துக்கு மட்டுமே உரியது.

'ஹூஸ்' பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஆட்களுக்கும் வரும், பொருள்களுக்கும் வரும். 'ஹூ இஸ்' என்பது சுருங்கினாலும் காதுக்கு இதே ஒலிதான்; அதற்கு அப்பாஸ்ட்ரஃபி உண்டு, உடைமைக்குக் கிடையாது.

ஆள் யார், ஆள் அல்லாதது எது என்ற எல்லைக்கோட்டில் சில சுவையான இடங்கள் இருக்கின்றன. 'ஹூ', 'விச்' பிரிவினை நம் உயர்திணை, அஃறிணைப் பிரிவினைக்கு மிக நெருக்கமானது என்பதால் நமக்கு இது எளிதில் வசப்படும். 'குழந்தை அழுகிறது' என்று நாம் அஃறிணை முடிவு கொடுப்பதுபோல, ஆங்கிலத்திலும் கைக்குழந்தைக்கு 'விச்' வருவதுண்டு. பெற்றோர் காதில் விழும்படி மட்டும் சொல்லாதீர்கள். பெயர் வைத்து வளர்க்கும் விலங்குக்கு 'ஹூ' போடலாம். அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் நடைக்கையேடும் அப்படியே சொல்கிறது. குடும்பம், அணி, குழு போன்ற சொற்கள் நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தவை. உறுப்பினர்களாகப் பார்த்தால் 'தி ஃபேமிலி ஹூ லிவ் நெக்ஸ்ட் டோர்' என்று பன்மை வினையோடு வரும். இது பிரிட்டிஷ் வழக்கில் அதிகம். ஒரே அமைப்பாகப் பார்த்தால் 'விச்' அல்லது 'தட்', ஒருமை வினையோடு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காமல் இருந்தால் போதும்.

அதிகம் கவனிக்கப்படாத இன்னோர் இடமும் உண்டு. 'அவர் இப்போது பழைய ஆள் இல்லை' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஹி இஸ் நாட் தி மேன் தட் ஹி வாஸ்' என்பார்கள், அல்லது 'தட்'டை விட்டுவிடுவார்கள். மனிதர்தானே என்று அங்கே 'ஹூ' போட்டால் பொருந்தாது. பேச்சு அவர் யார் என்பதைப் பற்றி இல்லை, எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றி. இதே காரணத்தால், 'ஹி சவுண்டட் லைக் எ லாயர், விச் ஹி வாஸ்' என்பதில் ஆளைக் குறித்த சொல்லுக்குப் பின்னாலும் 'விச்' சரியாக வருகிறது. அது சுட்டுவது வக்கீல் என்ற தகுதியை.

கடைசியாக, 'ஹூஎவர்' பற்றி. 'கிவ் இட் டு ஹூஎவர் ஆஸ்க்ஸ்' என்பதில் 'டு' முன்னால் நிற்பதால் 'ஹூம்எவர்' வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். 'ஹி ஆஸ்க்ஸ்' என்பதே உள் வாக்கியம்; 'டு'வுக்கு உரியது 'ஹூஎவர் ஆஸ்க்ஸ்' என்ற தொடர் முழுவதும். 'கிவ் இட் டு ஹூம்எவர் யூ லைக்' என்றால் 'யூ லைக் ஹிம்' என்று ஆவதால் அங்கே 'ஹூம்எவர்' சரி, பேச்சில் 'ஹூஎவர்' என்றாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். கூடவே, 'ஹூ'வுக்குப் பின் வரும் வினை எதைப் பின்பற்றும் என்பதையும் கவனியுங்கள். 'ஷி இஸ் ஒன் ஆஃப் தோஸ் ஹூ வர்க் அட் நைட்' என்பதில் 'வர்க்' பன்மை, ஏனெனில் 'ஹூ' சுட்டுவது 'தோஸ்' என்ற பலரை. 'ஷி இஸ் தி ஒன்லி ஒன் ஆஃப் தெம் ஹூ வர்க்ஸ் அட் நைட்' என்றால் 'வர்க்ஸ்', அங்கே அப்படிச் செய்பவர் அவர் ஒருவரே.